அம்மாவுக்காக ஏற்றிய கோப்பு

1

நேற்று காலை பத்தேகாலுக்கு என் கைப்பேசி மேசை மேல் கிடந்து அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், "அம்மா வர்றாங்க. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பு" என்று இருந்தது. நானே போட்டு வைத்த நினைவூட்டல்தான். போன வருடம் இதே நாளுக்குப் போட்டது. போடும்போது எங்கேயோ கை பட்டு 'ஆண்டுதோறும்' என்று ஆகியிருக்கிறது. அம்மா போன வருடமும் வரவில்லை, இந்த வருடமும் வரவில்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை. கைப்பேசிக்கு அதெல்லாம் தெரியுமா என்ன?

நீக்கு என்று தொட்டேன். "இதை மட்டுமா, இனி வருபவை அனைத்தையுமா?" என்று கேட்டது. இதை மட்டும் என்று தொட்டுவிட்டு அலுவலகக் கூட்டத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வருடமாகவே எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, சம்பளத்துக்கு வேலை நடக்கிறது. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினால் ஊன்றியது தெரியாதே, அப்படித்தான் நாட்கள் போகின்றன.

நான் விருத்தாசலத்துக்காரன். பெயர் கொளஞ்சி. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு கொளஞ்சி இருப்பான். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரை வேண்டிப் பெற்றதாகச் சொல்லி வைத்துவிடுவார்கள். இங்கே நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் நகரத்தில், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அலுவலகத்தில் 'கோல்' என்று சுருக்கிவிட்டார்கள். பதினோரு வருடமாகக் கோலாகவே இருக்கிறேன்.

2

எங்கள் கம்பெனி செய்வது ஆவணங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். நீங்கள் பி.டி.எஃப். என்று ஒன்றைத் தொட்டதும் திரையில் பக்கம் பக்கமாக வருகிறதே, அதைக் காட்டுவது மாதிரியான ஒன்று. இலவசமாகவும் கிடைக்கும். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில்கூட இருக்கிறது.

ஒரு கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். முதல் வரியில் நான் இன்ன வகை என்று அது சொல்ல வேண்டும், கடைசியில் இன்னது இருக்க வேண்டும், நடுவில் எது எங்கே கிடக்கிறது என்று பட்டியல் இருக்க வேண்டும். உலகத்தில் பாதிக் கோப்புகள் இப்படி இருப்பதில்லை. ஒன்று தலை இல்லாமல் வரும், இன்னொன்று வாலறுந்து வரும். இதையெல்லாம் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலில் தீராத வழக்கு. விதிப்படி இல்லையென்றால் திறக்காதே என்பது ஒரு கட்சி. எப்படி வந்தாலும் ஊகித்துத் திறந்து காட்டு என்பது இன்னொரு கட்சி.

நான் இரண்டாவது கட்சி. கட்சி என்ன கட்சி, அதன் உள்ளூர்த் தலைவரே நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், எதைக் கொடுத்தாலும் அது என்னவென்று மோந்து பார்த்துத் திறக்கிற பகுதியை எழுதியது நான். பாவம், யாரோ எங்கேயோ அவசரத்துக்கு ஒரு கோப்பை அனுப்பியிருப்பார்கள், அதை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்புவானேன் என்பது என் வாதம். முதல் கட்சியின் தலைவி ஹீதர். என் எதிர் மேசைக்காரி. சரியான கறார்ப் பேர்வழி. கூட்டத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் தாமதம் என்று நினைப்பவள்.

நேற்றைய கூட்டமே இதற்குத்தான். அடுத்த பதிப்பில் எவ்வளவு கறாராக இருப்பது? ஹீதர் சொன்னாள், "நாம் எல்லாவற்றையும் திறந்து காட்டுவதால்தான் தவறான கோப்புகள் ஊர் சுற்றுகின்றன. செய்தவனுக்கே அது தவறு என்று தெரிவதில்லை." நான் வழக்கம்போல, "பாவம், யாரோ" என்று ஆரம்பித்தேன். மாலை மூன்று மணிக்குள் ஆளுக்கு ஐந்து மாதிரிக் கோப்புகளைக் கொண்டுவாருங்கள், அவற்றை வைத்து முடிவு செய்வோம் என்று மேலாளர் கூட்டத்தை முடித்தார்.

ஐந்தாவது மாதிரிக்கு எனக்கு எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. அது என் அஞ்சல் பெட்டியிலேயே இருந்தது.

3

போன வருடம் அம்மாவை மூன்று மாதத்துக்கு இங்கே அழைத்துவர விண்ணப்பித்தோம். என் மனைவி சுமதி சின்ன அறையை ஒழித்து, தாழ்வான கட்டில் ஒன்று வாங்கிப் போட்டாள். என் மகள் யாழினிக்குப் பதிமூன்று வயது. ஆயாவை, அதாவது என் அம்மாவை, கடைசியாக நேரில் பார்த்தபோது அவளுக்கு ஆறு.

விருத்தாசலத்தில் அம்மா என் தம்பி செந்திலோடு இருக்கிறார். ஜங்ஷன் ரோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவன் கடை. ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்ப்பான். ஆவணங்களைத் திரட்டி இணையத்தில் ஏற்றியது அவன்தான். ஆறு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரு ஆவணத்தை வாசிக்க இயலவில்லை, ஆகவே விண்ணப்பம் முழுமையற்றது என்று இரண்டே வரி. எந்த ஆவணம் தெரியுமா? என் பிறப்புச் சான்றிதழ். அதாவது, அவர் எனக்கு அம்மா என்பதற்கான தாள்.

என்ன கோளாறு என்று அந்தக் கடிதத்தில் இல்லை. நம் ஊர் ஆபீசாக இருந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சார் சார் என்று நின்றாவது கேட்டிருக்கலாம். இங்கே நிற்க ஜன்னலே இல்லை. செந்திலைக் கேட்டேன். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான்.

"ஸ்கேன் பண்ணா போட்டோவாதாண்ணே வருது. அவுங்க பி.டி.எஃப். கேக்கறாங்க. பேருக்குக் கடைசில பி.டி.எஃப்.னு மாத்திட்டா முடிஞ்சிச்சு. எல்லாருக்கும் அப்புடித்தான் செய்யறன். நல்லா தொறக்குது."

பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. அது படமாகத்தான் இருக்கும். அவன் கடையில் அது திறந்தது. அங்கே உள்ள கணினிகளில் இருப்பது எங்கள் கம்பெனி மென்பொருள்தான், நான் சொல்லித்தான் அவன் போட்டிருந்தான். இங்குள்ள அரசு இணையதளம் கறார். மோந்து பார்க்காது, திறக்காது.

அன்றைக்கு நான் செந்திலைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். "நாலெழுத்துப் படிச்சவன் செய்யற வேலையாடா இது? உன்ன நம்பனன் பாரு" என்றேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தபோது அம்மாவுக்கு இடது கால் வீங்கியது. ரத்தம் கட்டியிருக்கிறது, மணிக்கணக்காக உட்கார்ந்து போகிற பயணமெல்லாம் இனிமேல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து இங்கே வர ஒரு பகலும் ஒரு இரவும் போதாது. நான் லீவு போட்டு அங்கே போகலாம்தான். போவேன். ஆனால் அம்மா என் வீட்டில் வந்து உட்கார்வது, என் அடுப்படியில் நின்று "இது என்னா அடுப்பு, நெருப்பையே காணம்" என்று கேட்பது, அது முடிந்துபோனது. அந்த ஒரு விண்ணப்பம்தான் வாய்ப்பு.

ஹீதரிடம் சொன்னேன். அவள் உண்மையிலேயே வருந்தினாள். அதற்கு நான், "நோ வொரீஸ்" என்றேன். இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு அதுதான் வாயில் வரும்.

4

இதற்கு நடுவில் நடந்தது, அம்மா மணவாளநல்லூர் போய்ப் பிராது கட்டியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொளஞ்சியப்பர் கோயிலில், நம் குறையை ஒரு தாளில் மனுவாக எழுதி, சாமி முன்னால் வைத்துக் கட்டிவிட்டு வருவோம். யார் எழுதுகிறார்கள், யாரைப் பற்றி, என்ன வேண்டும், அவ்வளவுதான். வழக்கு தீர்ந்தால் மறுபடி போய் வாபஸ் வாங்க வேண்டும். வாங்காமல் விடக்கூடாது.

சுமதி, திட்டக்குடியில் இருக்கும் அவள் அக்கா மூலம் கேள்விப்பட்டுச் சொன்னாள். "அத்தை விசாவுக்காகப் பிராது கட்டியிருக்காங்களாம், காலு வீங்கறதுக்கு முன்னாடியே."

"கட்டட்டும். அங்க பி.டி.எஃப். கேக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் முறைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குத் திட்டியதோடு செந்திலும் நானும் பேசுவது நின்று போயிற்று. நான் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு வீடியோவில் பேசுவேன். அம்மாவுக்குக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடிக்க வராது, விட்டத்தைக் காட்டும். அவன்தான் வந்து நேராக வைத்துவிட்டுப் படத்துக்கு வெளியே போய்விடுவான். ஒரு கை மட்டும் குறுக்கே வந்து போகும். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

யாழினிக்கு ஆயாவிடம் பேச இரண்டு வாக்கியம் உண்டு. "ஆயா சாப்ட்டீங்களா? நல்லாருக்கீங்களா?" முடிந்ததும் எழுந்துவிடுவாள். சின்ன அறையில் இப்போது அவளுடைய டிரம் செட் இருக்கிறது. கட்டிலைச் சுவரோடு நிறுத்திவிட்டோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து போகாமல் திரையையே பார்த்துக்கொண்டு, "அப்பா, அந்தக் கை யாரோடது?" என்று கேட்டாள்.

"சித்தப்பாது" என்றேன்.

"சித்தப்பா இன்னும் அங்கதான் இருக்காரா?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

5

நேற்று மதியம், கொண்டுவந்த சோற்றை மேசையிலேயே தின்றுகொண்டு, அந்தக் கோப்பை அஞ்சலில் தேடினேன். கோப்பு கிடைத்தது. கூடவே அதைச் சுற்றிய அஞ்சல்களும் கிடைத்தன. இணையத்தில் ஏற்றுவதற்கு முதல் நாள் செந்தில் எழுதியிருக்கிறான்: "அண்ணே, எல்லாம் ரெடி. நீ ஒரு தடவை திறந்து பார்த்துடு. நீ சரின்னு சொன்னாதான் ஏத்துவேன்."

கீழே என் பதில். எழுத்துகூட இல்லை. கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம்.

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. மறைக்கவில்லை, சத்தியமாக நினைவில்லை. ஒரு வருடமாக என் மனதில் இருந்த கதையில் செந்தில் யாரையும் கேட்காமல் ஏற்றியிருந்தான். அப்படித்தான் சுமதியிடம் சொன்னேன், ஹீதரிடம் சொன்னேன், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் திறந்து பார்த்திருக்கிறேன். இதே மேசையில், இதே மென்பொருளில், நான் எழுதிய அந்தப் பகுதியின் தயவில், அந்தப் படம் பி.டி.எஃப். மாதிரியே திறந்திருக்கிறது. இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கே தெரியவில்லை. ஜங்ஷன் ரோட்டில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

பழைய நிரலைத் திறந்து பார்த்தேன். அந்தப் பகுதிக்கு மேலே, என் பெயரோடு, ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. பயனருக்குத் தெரியாமல் சரிசெய்து காட்டவும்.

அம்மா முன்பு எங்கள் ஊர்ப் பீங்கான் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தார். மின்சார பியூஸ் கட்டைகள். சூளையில் வேகும்போது மண் சுருங்கும். அளவு சரியா என்று, கேஜ் என்கிற இரும்பு அளவுச் சட்டத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். நுழையாததைத் தள்ள வேண்டும். மற்றவர்கள் தூக்கிக் குவியலில் போடுவார்கள். அம்மா மட்டும் எங்கே கோளாறோ அங்கே சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட்டுத்தான் போடுவார். நேரம் விரயம் என்று சூப்பர்வைசர் தினமும் கத்துவார். வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்ப்பார் அம்மா. "எதுக்குத் தள்ளனம்னு சொல்லாம தள்ளனா நாளைக்கும் அதையேதான அடிச்சிக் குடுப்பானுவோ? அந்தாளுக்கு இது தெரிய வாணாம்?"

அதை நான் பெரிய விஷயமாக என்றைக்கும் நினைத்ததில்லை. அம்மாவுக்கு அந்த ஆளைப் பிடிக்காது, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

மூன்று மணிக் கூட்டத்தில் என் முறை வந்ததும் பிறப்புச் சான்றிதழைத் திரையில் போட்டேன். தமிழில் அரசு முத்திரையோடு அழகாகத் திறந்தது. "இது பி.டி.எஃப். இல்லை" என்றேன். "நம் மென்பொருள் அதைச் சொல்லவில்லை. அரசு இணையதளம் இதைத் திறக்கவில்லை. ஏன் என்று அதுவும் சொல்லவில்லை. ஒன்று பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டது, இன்னொன்று வாயை மூடிக்கொண்டு தள்ளிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் என் அம்மா வரவில்லை."

ஹீதர் மெதுவாக, "சத்தமில்லாமல் திறக்கும் அந்தப் பகுதியை யார் எழுதியது?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவள் கம்பெனிக்கு வந்ததே அதற்கப்புறம்தான், உண்மையிலேயே தெரியாது.

"நான்தான்" என்றேன்.

திறக்க வேண்டும், ஆனால் என்ன தவறு, எங்கே தவறு என்று மேலேயே சிவப்புப் பட்டையில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஹீதர் கட்சிக்கும் பாதி, என் கட்சிக்கும் பாதி. அந்தப் பட்டையில் வரும் வாசகங்களை எழுதும் வேலை எனக்கு வந்தது. தமிழிலும் வேண்டும் என்றேன். சரி என்றார்கள்.

6

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இங்கே இப்போது குளிர்காலம், இருட்டிவிடும். அங்கே பகல் பதினொன்றரை, கடையில் கூட்டம் இருக்கிற நேரம். காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே செந்திலைக் கூப்பிட்டேன். அம்மா எண்ணுக்கு இல்லை, அவன் எண்ணுக்கு.

"அலோ" என்றான். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம்.

"செந்திலு, நான்தாண்டா."

மெஷினை நிறுத்தினான். "அம்மாகிட்ட குடுக்கவாண்ணே?"

"வாணாம். உங்கிட்டதான் பேசணும்."

"ஆளுங்க இருக்காங்க."

"ரெண்டு நிமிசம்டா. போன வருசம் அந்தப் பொறப்பு சர்டிபிகேட்டு, ஏத்தறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பிப் பாக்கச் சொன்ன. நான் சரின்னு சொல்லியிருக்கன்."

"ஆமா."

"உனக்கு நெனப்பு இருக்குதா?"

"இல்லாம? நீ கட்டவெரலத் தூக்கிக் காட்டுனப்பறம்தான ஏத்துனன்."

"பின்ன ஏண்டா சொல்லல? அவ்ளோ பேசனனே உன்ன. எடுத்து மூஞ்சில அடிச்சிருக்கலாம்ல?"

அவன் யாரிடமோ, "செத்த இருங்க, தோ வந்துட்டன்" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அம்மா பக்கத்துலயே நின்னுச்சிண்ணே. உன்னாலதான் போச்சின்னா அதுக்குத் தாங்காது. எம்மேலன்னா ரெண்டு நாளு திட்டிட்டு சோத்தப் போட்டுடும்" என்றான்.

ஒரு வருடமாக மரத்துக் கிடந்த இடத்தில் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. வலித்தது. நன்றாகவே வலித்தது.

"தப்பு எம்மேலதாண்டா" என்றேன். "அது தொறந்துச்சே, அந்த வேலைய எழுதனதே நான்தான். பாத்து சரின்னு சொன்னதும் நான்தான். உன்ன அப்புடி பேசியிருக்கக் கூடாது."

"சரி வுடுண்ணே."

"வுடறதுக்கில்ல. இனிமே அந்த மாரி ஃபைலத் தொறந்தா மேல செவப்பா ஒண்ணு வரும். அதுல தமிழ்ல என்னா போடணும்னு நீதான் சொல்லணும். உங்கடைக்கு வர்றவங்களுக்குப் புரியற மாரி."

அவன் யோசித்தான். தொழில் விஷயம் என்றதும் குரலில் பழைய செந்தில் வந்துவிட்டான். "இது தொறக்குது, ஆனா இது பி.டி.எஃப். இல்ல, போட்டோ. பேரு மட்டுந்தான் மாத்தியிருக்குது. இப்புடியே அனுப்புனா திருப்பிடுவாங்க. இதப் போடு, போதும்."

சரி என்று குறித்துக்கொண்டேன். அதற்குள் பின்னால் அம்மா குரல் கேட்டது. "யார்ரா போன்ல? பெரியவனா? உங்கிட்டயா பேசறான்?" கைப்பேசி கை மாறியது.

"ஏ கொளஞ்சி, சாப்ட்டியாடா?"

"இனிமேதாம்மா. காலு எப்புடி இருக்குது?"

"அது கெடக்குது. அவங்கிட்டயா பேசிக்கினு இருந்த இம்மாம் நேரம்?"

"ஆமாம்மா."

"இனிமேவும் பேசுவியா?"

"பேசறன்."

"அப்ப நாளைக்கு ஒரு ஆட்டோ புடிச்சிப் போயி பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துடட்டுமா?"

எனக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா வாபஸு? விசாதான் வரவே இல்லியே."

"விசாவுக்கு யார்ரா கட்டனா?" என்றார் அம்மா. "நீயும் அவனும் பேசிக்கணும்னு கட்டனன். எனக்கு எழுத வருமா? அவன்தான் எழுதிக் குடுத்தான்."